மேல்கணக்கு வரை கேட்ட பேச்சு

இயந்திரத்தால் வேலை இழந்த ஒருவனைக் கூப்பிட்டு, அதே இயந்திரம் மனித குலத்துக்கு வரம் என்று மேடையேறிப் பேசச் சொன்னால், கொஞ்சமாவது ரோசம் உள்ளவன் மறுத்துவிடுவான். நான் மறுக்கவில்லை. பொன்னாடை உண்டா என்று மட்டும் கேட்டேன்.

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அறிவித்தல்களைத் தமிழாக்குவது என் வேலை. ஒருநாள் கணினியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்து, உங்கள் உதவிக்குத்தான் என்றார்கள். கொஞ்ச நாளில் அது மொழிபெயர்க்க, நான் அதன் பிழைகளைத் திருத்த ஆரம்பித்தேன். அதன் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. (என் பிழைகள் அப்படியே இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கடைசியில் மேலாளர் என்னைக் கன்டீனுக்குக் கூட்டிப்போய், தன் செலவில் தேத்தண்ணியும் பணிஸ் என்ற பன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் பணிஸ் வாங்கிக் கொடுத்த யாரும் அடுத்த மாதம் வேலையில் இருந்ததில்லை.

தலவாக்கலையில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, அக்கரப்பத்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"லீவாடா?"

"லீவும்மா."

"எத்தன நாளு?"

"கொஞ்சம் கூடுதலாத்தான் குடுத்திருக்காங்க."

அம்மாவிடம் உண்மையைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் காமாச்சி அத்தை, என் அப்பாவின் தங்கை. மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில் இருந்தாள். ஒரு சடங்கு வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி அத்தை சொல்லிவிட்டாள்: "அவனப் படிக்க வச்ச காசுக்கு ரெண்டு மாடு வாங்கிக் கட்டியிருந்தா பாலாவது கெடச்சிருக்கும்." அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா இறந்துபோன பிறகு அம்மாவுக்கு இந்த உலகில் மிச்சமிருந்த ஒரே லட்சியம், காமாச்சி அத்தையின் வாயை அடைக்கும்படி நான் எதையாவது செய்து காட்டுவதுதான். அப்படிப்பட்டவளிடம் போய், மாடே வாங்கியிருக்கலாம் என்று எப்படிச் சொல்வது?

அது மாரியம்மன் திருவிழாக் காலம். காப்புக் கட்டி முடிந்திருந்தது. காப்புக் கட்டிய பிறகு எங்கள் தோட்டத்தில் சாவு என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். யாராவது இறந்துபோனால் பிரேதம் எடுக்கும்வரை பூசை நின்றுவிடும். தீட்டுக் கழித்தபிறகுதான் மணி அடிக்கும். இதெல்லாம் பால்குடி மறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள்.

அந்த வருடம் கோயில் கமிட்டித் தலைவர், வெறும் பாட்டும் நடனமும் போதாது, படித்த பிள்ளைகள் பேசுகிற மாதிரி ஒரு பட்டிமன்றம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். தலைப்பு, "செயற்கை நுண்ணறிவு: வரமா, சாபமா?" கொழும்பில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் வரம் என் தலையில் விழுந்தது. சாபம், பசாரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த சந்திரனுக்கு. என்னோடு படித்தவன். நடுவர் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மாணிக்கம் சேர்.

தலைப்புப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த கொழுந்துக்காரப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். (ஆய்வு செய்கிறேனாம்.)

"கொளவி கலைஞ்சு வர்றத முன்னாடியே சொல்லுமா?" என்றாள் ஒருத்தி.

"சொல்ல வைக்கலாம்."

"அப்ப நல்லதுதான்."

"கொழுந்து எடுக்குமா?" என்றாள் இன்னொருத்தி.

"ஒருநாள் அதுவும் வரலாம்."

"அப்ப நாசமாப் போகட்டும்."

மூன்றாமவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அதுக்கு அட்ட கடிச்சா வலிக்குமா தம்பி?"

"வலிக்காது."

"அப்ப அது மலைக்குப் போகட்டும். நாங்க வீட்டுல இருக்கோம். பேரு மட்டும் எங்களுக்குப் போடச் சொல்லு."

பேர் போடுவது என்றால் அன்றைய நாள் சம்பளத்துக்குக் கணக்கு வைப்பது. அந்த மூன்று பதில்களை அப்படியே மேடையில் சொல்லியிருந்தால் பட்டிமன்றம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், எங்கள் குடும்ப மானமும் தப்பித்திருக்கும். ஆனால் நான் பட்டதாரி. வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து, எந்த இயந்திரம் என்னை வீட்டுக்கு அனுப்பியதோ அதன் ஒன்றுவிட்ட தம்பியிடமே கேட்டேன்: தேயிலைத் தோட்டத்து மக்கள் கண்கலங்கும்படி, நீ ஒரு வரம் என்று எனக்கொரு பேச்சு எழுதித் தா.

தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதித் தந்துவிட்டது. அதில் ஒரு தாய் வந்தாள். கொட்டும் மழையில் கொழுந்து எடுத்தாள். மகனின் புத்தகத்துக்காகக் காதுக் கம்மலை விற்றாள். கிழிந்த முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். அந்த மகன் இயந்திரத்தின் துணையோடு படித்து முன்னேற, தாய் லயத்து வாசலில் நின்று ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். என் அம்மா கம்மலை விற்றவள் இல்லை. கழற்று என்று யாராவது சொன்னால் காதையே அறுத்துக் கொடுப்பாளே தவிரக் கம்மலைக் கொடுக்க மாட்டாள். ஆனாலும் நான் அந்த இல்லாத தாய்க்காக உட்கார்ந்து அழுதேன். பெற்ற தாய் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடா, கண்ணு கலங்கியிருக்கு?"

"பொகம்மா."

பட்டிமன்றத்தன்று காலையிலேயே அம்மா சவுண்ட்ஸ்காரப் பையனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். "தம்பி, ஒரு கொழாய மேல்கணக்குப் பக்கம் திருப்பிக் கட்டு. அங்கயும் சாமி கும்புடுறவங்க இருக்காங்க." மேல்கணக்கில் அவள் மனதில் இருந்தது ஒரே ஆள்தான். அந்த ஆள் திருவிழாவுக்கு இறங்கி வரப்போவதில்லை என்று தெரிந்ததால், மகனுடைய பேச்சை மேலே அனுப்பி வைக்க ஏற்பாடு செய்தாள்.

பின்னேரம் தொடங்கும்போதே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசை தெரிந்தது, அதற்குப் பின்னால் வெள்ளைதான். முன்வரிசையில், எப்போதும் தரையில் படங்குச் சாக்கு விரித்து உட்காரும் அம்மா, அன்றைக்குப் பிளாஸ்டிக் கதிரையில், பெட்டி மடிப்புக் கலையாத சேலையோடு, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சந்திரன் எழுந்தான். இயந்திரம் வேலையைத் தின்னும் என்றான், பொய்யை மெய்யாகக் காட்டும் என்றான். நன்றாகத்தான் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தாய் இருந்தாள்" என்றான். கொட்டும் மழை. காதுக் கம்மல். கிழிந்த முந்தானை. என் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தேன். வரிக்கு வரி அதே தாய். சாபத்துக்கும் வரத்துக்கும் இயந்திரம் ஒருத்தியைத்தான் பெற்றுப் போட்டிருந்தது. சந்திரனின் பேச்சில் மட்டும், படித்து முடித்த மகனின் வேலையை இயந்திரம் பறித்துக்கொள்ள, தாய் லயத்து வாசலில் நின்று வெறும் கண்ணீர் வடித்தாள். கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மாணிக்கம் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயந்திரம் ஆபத்தானது என்று இயந்திரமே எழுதிக்கொடுத்ததைக் கேட்டு எங்கள் தோட்டம் அழுதது. அதோடு, அவன் சொன்ன அந்த மகன் அசல் நான்தான் என்பது அங்கே என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

என் முறை வந்தது. முதல் பக்கத்தை ஒப்பேற்றிவிட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் மழை கொட்டத் தயாராக இருந்தது. கீழே அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே குழாய் மேல்கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அத்தைக்கு மாடு ஞாபகம் வரும். வாசித்தால் சந்திரனைக் காப்பியடித்தேன் என்பார்கள். ஒரே தாயை வைத்துக்கொண்டு சந்திரனை மிஞ்ச எனக்கு அந்த நிமிடத்தில் ஒரு வழிதான் தோன்றியது.

"என்னையும் ஒரு தாய் பெற்றாள்" என்றேன். "லெட்சுமி என்பது அவள் பெயர். நேற்றுவரை இருந்தாள். என் அம்மா லெட்சுமி இன்று உயிரோடு இல்லை."

முழுப் பேச்சிலும் நான் சொந்தமாகச் சொன்னது அது மட்டும்தான். சொன்ன வேகத்தில் உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகைதான், ஆனால் ஒலிபெருக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முன்வரிசை மொத்தமும் திரும்பி அம்மாவைப் பார்த்தது. எல்லாரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று அம்மா தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சந்திரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மச்சான், அம்மா அங்கதான் இருக்காங்க."

எனக்கும் தெரிந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "அவளைச் சுமந்துசென்ற அந்தப் பாதையில்..." என்று இரண்டு வரி இன்னும் போனேன். மாணிக்கம் சேர் மணியைத் தட்டித் தட்டி, கடைசியில் மணியைத் தூக்கி மேசையில் குத்தினார்.

கமிட்டித் தலைவர் மேடைக்கு ஏறி வந்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "காப்புக் கட்டுன எடத்துல, அம்மன் மொகத்துக்கு நேரா, உசுரோட இருக்குற மனுசியச் செத்துட்டான்னு சொல்றியே, நீ படிச்சவனாடா?"

"நான் இல்லீங்க" என்றேன். "மிசின் எழுதிக் குடுத்துச்சுங்க."

ஊருக்கு முன்னால் சொன்ன இரண்டாவது பொய். இயந்திரம் பாவம், தாயை ஆனந்தக் கண்ணீரோடு லயத்து வாசலில் பத்திரமாக விட்டிருந்தது. என்ன செய்ய, என் வேலையைப் பறித்த கடனை அதன் பெயரில் எழுதித் தீர்த்துக்கொண்டேன்.

பூசாரி ஐயாவைக் கூப்பிட்டார்கள். கெட்ட சொல் விழுந்த இடத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று அவர் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக் கொத்தும் கொண்டு வந்தார். என் தலையில் தெளித்தார், மேடையில் தெளித்தார், சொல் எதன் வழியாக வெளியே போனதோ அதையும் விடக்கூடாதென்று மைக்கிலும் அம்பிளிபயரிலும் தாராளமாகத் தெளித்தார். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அன்றைக்கு உண்மையிலேயே உயிரை விட்டது அது ஒன்றுதான். என் பேச்சு ஒரு புரளி என்று மேல்கணக்குக்குச் சொல்ல இனி வழி இல்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் கோயில் ஒலிபெருக்கியில்தான் அறிவிப்பார்கள். சொல்கிறவன் பெரும்பாலும் வீட்டு ஆள்தான், குரல் உடையத்தான் செய்யும். மேல்கணக்கில் பனிமூட்டத்துக்குள் நின்றவர்களுக்கு என் குரல் கேட்டது, அழுகை கேட்டது, அம்மாவின் பெயர் கேட்டது, அதோடு சத்தம் பட்டென்று நின்றுபோனது.

முதலில் வந்தது ஆள் இல்லை, ஒப்பாரிதான். பனிக்குள்ளிருந்து, மேட்டுப் பாதையில் இறங்கி இறங்கி வந்தது.

"மதினியே, எம் மதினியே,
நனைஞ்சு வந்த எனக்கு ஒஞ் சேலைய உருவித் தந்தவளே,
எம் புள்ள தவறுனப்ப எனக்குப் பால் கட்டி வலிக்கையில
ராவெல்லாம் முழிச்சிருந்து ஒத்தடம் போட்டவளே,
ஒரு சொல்லு சொல்லிட்டேனே,
அந்த ஒரு சொல்ல நான் முழுங்கியிருக்கக் கூடாதா,
ஒம் பக்கத்துல ஒரு வாய் சோறு தின்னாம அனுப்பிட்டேனே."

அத்தைக்கு ஒரு பிள்ளை தவறியது எனக்குத் தெரியாது. அம்மா ஒத்தடம் போட்டது தெரியாது. பக்கத்திலேயே வளர்ந்தும் இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. பேச்சுக்குத் தாய் வேண்டும் என்று போனைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்படிக்குப் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பனிக்குள்ளிருந்து அத்தை வெளியே வந்தாள். தலை அவிழ்ந்து, செருப்பில்லாமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள். அவர்களுக்கும் பின்னால், குழி வெட்டுவதற்கு மண்வெட்டியோடு இரண்டு ஆண்கள். (எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குத் தாமதமாக வருவார்கள். இதற்குத் தாமதிக்க மாட்டார்கள்.) அத்தை நேராக முன்வரிசைக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து நின்றாள். நெஞ்சில் அடிக்க ஓங்கிய கை அப்படியே இருந்தது.

"நீ இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் அம்மா. "ஏன், ஒனக்கு வருத்தமா?"

"அப்ப நான் அழுதது?"

அம்மா வெற்றிலையைத் துப்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் வாய் வேறு. "நல்லாத்தான் இருந்துச்சு. நிப்பாட்டாத, இன்னும் ரெண்டு அடி பாடு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் பரவி, பனிக்குள் முகம் தெரியாதவர்களெல்லாம் சிரித்தார்கள். அத்தை தலைமுடியை அள்ளி முடிந்தாள். "வாங்கடி" என்று பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனாள். அம்மா கதிரையிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்தவள், எல்லாரும் பார்ப்பதைக் கண்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவு தூரம் ஓடிவந்தவளுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாணிக்கம் சேர் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. தலைவர்தான் சொன்னார்: "மிசினும் வேணாம், பட்டிமன்றமும் வேணாம். அடுத்த வருசத்துலருந்து டான்ஸ் மட்டும் போதும்." அந்தத் தீர்ப்பு இன்றுவரை அமுலில் இருக்கிறது. பொன்னாடை சந்திரனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றி, மடித்து, பெட்டியில் வைத்தபிறகு கேட்டாள். "ஏன்டா நீயா எழுதல?"

"அது என்னய விட நல்லா எழுதுதும்மா. அதான் வேலையும் போயிருச்சு. லீவு இல்ல."

அம்மா பெட்டியை மூடினாள். "அப்ப ஒன் வேலைய அது எடுத்துச்சு. என்னயக் கொன்னுச்சு. நீ அத வரம்னு பேசுன."

"ஒன்னயக் கொன்னது அது இல்லம்மா. நான்தான்."

"அது தெரியும்" என்றாள். "மிசினுக்கு எம் பேரு எப்பிடித் தெரியும்?"

ஊருக்கு மட்டும் இந்த விவரம் போய்ச் சேரவில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றி எங்கள் தோட்டத்தின் கருத்து அன்றோடு முடிவாகிவிட்டது: அது ஆளைக் கொல்லும். யாருக்காவது போனில் அது பதில் சொன்னால், பக்கத்தில் இருப்பவர், "பேரச் சொல்லிராத, எடுத்துரும்" என்பார். நான் தலவாக்கலையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆணி நிறுக்கிற வேலைக்கு இன்னும் எந்த இயந்திரமும் ஆசைப்படவில்லை.

அம்மாவும் அத்தையும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்திக்கு ஊரைச் சிரிக்கவைத்த வெட்கம், ஒருத்திக்கு அழுத வெட்கம். ஆனால் கீரை ஆயும்போதும் விறகு அடுக்கும்போதும் அம்மா தன் ஒப்பாரியைத் தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஒத்தடம் போட்ட அடியில் குரல் கொஞ்சம் இழுபடும். அந்தக் கதையைச் சொல்லும்மா என்று கேட்டால், "ஒன் மிசின்ல இருக்காளே கம்மல வித்தவ, அவகிட்டப் போய்க் கேளு" என்பாள். கடைசிவரை சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில், நெஞ்சு வலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அறிவிப்பதற்காக நான் கோயிலுக்குப் போனேன். மைக்கை எடுக்கக் கை நீட்டியபோது தலைவர் மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வேணாம் தம்பி. நீ சொன்னா யாரும் வர மாட்டாங்க." பெற்ற தாயின் சாவைச் சொல்லும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிருந்தது. அவரே சொன்னார். அப்படியும் மேல்கணக்கிலிருந்து ஒரு பையனை அனுப்பி, நிசம்தானா என்று பார்த்துவரச் சொன்ன பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். மண்வெட்டிக்காரர்கள் தாமதமாக வந்த ஒரே சாவு எங்கள் வீட்டுச் சாவுதான்.

காமாச்சி அத்தை எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது தெரிந்த பிறகு தலைமாட்டில் உட்கார்ந்தாள். பெண்கள் ஒப்பாரியை அவள் எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. யாரோ முழங்கையால் இடித்தபோது, "பாட எங்கிட்ட ஒன்னுமில்லடி" என்றாள். "எல்லாத்தையும் அன்னைக்கே பாடிட்டேன். அவளும் கேட்டுட்டா."

அத்தைக்கு இப்போது தனியாக எழுந்து நடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேல்கணக்குக்கு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போகும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்திருந்து சிரிக்கும்படி ஒரே விசயத்தைத்தான் கேட்கிறாள். சிரிக்காமல் கேட்கிறாள்.

"டேய், அந்த மிசின்ல என்னயும் ஒருதடவ கொன்னு விடுடா. யாரு யாரு அழுவுறான்னு நானும் கேட்டுட்டுப் போறேன்."